28 டிகிரிக்கு வெப்ப அலையா? பிரிட்டன் வானிலை பற்றி ஒரு விளக்கம்

ஒவ்வொரு ஜூன், ஜூலையிலும் ஒரு செய்தி தவறாமல் வரும். லண்டனில் வெயில் 30 டிகிரியைத் தொட்டுவிட்டது, முதியவர்கள் வெளியே வர வேண்டாம், ரயில்கள் மெதுவாக ஓடும். வேலூரிலும் திருச்சியிலும் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். 30 டிகிரி என்பது இங்கே தை மாத மத்தியான வெயில். ஜனவரியில் வேறு செய்தி வரும்: ஐந்து சென்டிமீட்டர் பனி விழுந்தது, பள்ளிகளுக்கு விடுமுறை, விமானங்கள் ரத்து. குளிர் நாடுதானே, இதற்குக்கூடவா தயாராக இல்லை என்று கேட்கத் தோன்றும்.

அங்கே போய் வாழ்பவர்களின் குழப்பம் இன்னொரு மாதிரி. 1980-களிலிருந்து லண்டனின் ஈஸ்ட்ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கம் குடியேறிய ஈழத் தமிழர்கள் ஆகட்டும், மருத்துவமனை வேலைக்கும் ஐடி வேலைக்கும் படிப்புக்கும் பிறகு போனவர்கள் ஆகட்டும், குளிரைப் பற்றிய புலம்பல் முதல் வருடத்தோடு பெரும்பாலும் அடங்கிவிடுகிறது. நல்ல கோட் வாங்கினால் பாதி தீர்ந்தது. அடங்காத புலம்பல் ஒன்று உண்டு: காலையில் வெயிலைப் பார்த்துக் கிளம்பினால் பத்து மணிக்கு மழை, மதியம் புழுக்கம், சாயங்காலம் ஆலங்கட்டி. எதை நம்பி உடுத்துவது?

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். நம் ஊரில் நாளைய வானிலையை மாதம் சொல்லிவிடும். பிரிட்டனில் அதைக் காற்று வரும் திசைதான் சொல்லும்.

மாதம் சொல்லும் வானிலை

முதலில் இரண்டு சொற்கள். ஓரிடத்தில் இன்றோ நாளையோ நடப்பது வானிலை. முப்பது வருடம் போல அளந்து எடுக்கும் சராசரி காலநிலை. தமிழ்நாட்டில் இந்த இரண்டுக்கும் இடையே தூரம் குறைவு. சென்னையில் மே மாதச் சராசரிப் பகல் வெப்பம் 37 டிகிரி என்றால், மே மாதத்தின் எந்த நாளை எடுத்தாலும் அதை ஒட்டித்தான் இருக்கும். சராசரியைச் சொன்னாலே முன்னறிவிப்பு சொன்ன மாதிரி.

தொல்காப்பியம் ஆண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பிரித்ததும், உரையாசிரியர்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு மாதம் கொடுத்ததும் சும்மா இல்லை. கார் என்றால் ஆவணி, புரட்டாசி. முன்பனி என்றால் மார்கழி, தை. வெப்பமண்டலத்தில் வெப்பநிலை நாளுக்கு நாள் பெரிதாக மாறாது. பெரிய மாற்றம், காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுவதுதான்: தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று. அந்தத் திருப்பம் கிட்டத்தட்ட குறித்த மாதத்தில் நடக்கும். ஆடியில் காற்றடிக்கும், ஐப்பசியில் அடைமழை பெய்யும் என்று பழமொழியே எழுதி வைக்கலாம். சில வருடம் மழை பொய்க்கும், சில வருடம் புயல் வரும். ஆனாலும் அட்டவணை என்று ஒன்று இருக்கிறது.

பிரிட்டனுக்குப் போகிறவர் இந்த அட்டவணையைத் தலைக்குள் வைத்துக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார். 'ஏப்ரல் வந்தாச்சு, இனி கோட் வேண்டாம்' என்று அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டும் தவறு அங்கிருந்துதான் பிறக்கிறது.

ஐந்து காற்றுகள் வந்து போகும் தீவு

லண்டன் வடக்கு அட்சரேகை 51.5 டிகிரியில் இருக்கிறது. எடின்பரோ 56 டிகிரியை ஒட்டி. சென்னை 13. பூமத்திய ரேகைப் பக்கத்து வெப்பமும் துருவத்துக் குளிரும் மோதிக்கொள்ளும் வட்டாரம் இந்த நடு அட்சரேகைப் பகுதிதான். போதாததற்கு மேற்கே பெருங்கடல், கிழக்கே ஒரு முழுக் கண்டம்.

இங்கே 'காற்றுத்திரள்' என்ற கருத்து தேவைப்படுகிறது. கடலின் மேலோ நிலத்தின் மேலோ பல நாள் தங்கி, அந்த இடத்தின் சூட்டையும் ஈரத்தையும் உள்வாங்கிக்கொண்ட மாபெரும் காற்றுத் தொகுதி அது. பல நூறு கிலோமீட்டர் அகலம் இருக்கும். அது நகரும்போது பிறந்த ஊரின் குணத்தையும் தூக்கிக்கொண்டு வரும். பிரிட்டனுக்கு முக்கியமாக ஐந்து வருகின்றன:

1. வடமேற்கிலிருந்து, கிரீன்லாந்து, வட கனடா பக்கத்துக் குளிர்காற்று அட்லாண்டிக்கைத் தாண்டி வருவது. வெயிலும் திடீர் மழையும் மாறி மாறி வரும். அடிக்கடி வரும் விருந்தாளி இவர்தான்.
2. தென்மேற்கிலிருந்து, அட்லாண்டிக் நடுவில் உள்ள அஸோர்ஸ் தீவுகள் பக்கத்து வெதுவெதுப்பான ஈரக்காற்று. டிசம்பரில்கூட 12, 13 டிகிரி தரும். கூடவே சாம்பல் நிற வானமும் ஓயாத தூறலும்.
3. நேர் வடக்கிலிருந்து, ஆர்க்டிக் கடல் வழியாக வருவது. ஏப்ரலில் பனி விழச் செய்யும் குற்றவாளி.
4. கிழக்கிலிருந்து, ரஷ்யா, சைபீரியா வழியாக வருவது. குளிர்காலத்தில் எலும்பைத் துளைக்கும். கோடையில் இதே திசை சூடாகவும் இருக்கும்.
5. தெற்கிலிருந்து, வட ஆப்பிரிக்கா, ஸ்பெயின் பக்கத்து வறண்ட சூடு. வெப்ப அலைகள் பெரும்பாலும் இதன் வேலை. சில சமயம் சகாராவின் புழுதியும் சேர்ந்து வந்து கார்க் கண்ணாடியில் செம்மண் படியும்.

திசைக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. 2018 பிப்ரவரி 28 அன்று கிழக்குக் காற்று நாட்டையே உறைய வைத்தது. 'கிழக்கிலிருந்து வந்த மிருகம்' என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன. ஸ்காட்லாந்தில் பனிக்காகச் சிவப்பு எச்சரிக்கை விடப்பட்டது. ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, 2019 பிப்ரவரி 26 அன்று, தெற்குக் காற்றில் லண்டன் கியூ தோட்டத்தில் 21.2 டிகிரி பதிவானது. ஜனங்கள் டீ-ஷர்ட்டோடு பூங்காவில் உட்கார்ந்திருந்தார்கள். காலண்டரில் இரண்டும் ஒரே வாரம்.

இத்தனை வடக்கே இருந்தும் நாடு ஏன் பனிக்கட்டியாக உறையவில்லை என்ற கேள்வியும் இங்கே வரும். இதே அட்சரேகையில், அட்லாண்டிக்கின் எதிர்க்கரையில் உள்ள கனடாவின் லாப்ரடாரில் குளிர்காலத்தில் கடலே உறைகிறது. பிரிட்டனின் மேற்கே ஓடும் வெதுவெதுப்பான வட அட்லாண்டிக் நீரோட்டமும், கடலின் மேல் தவழ்ந்து வரும் மேற்குக் காற்றும் சேர்ந்து காப்பாற்றுகின்றன. ஜனவரியில் லண்டனின் சராசரிப் பகல் வெப்பம் 8 டிகிரியை ஒட்டி. ஜூலையில் 24-ஐ ஒட்டி. அதிகக் குளிரும் இல்லை, அதிக வெயிலும் இல்லை. இந்த மிதம்தான் பின்னால் தலைவலியாகப் போகிறது.

ஒரே நாளில் ஏன் இத்தனை கோலம்?

காற்றுத்திரள்கள் மாறுவதற்குச் சில நாட்கள் ஆகும். அப்படியிருக்க ஒரே நாளில் மூன்று விதமான வானிலை எப்படி?

சுமார் 10 கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக, மணிக்கு 200, 300 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு காற்று ஆறு ஓடுகிறது. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். நியூயார்க்கிலிருந்து லண்டன் வரும் விமானம் திரும்பும் விமானத்தைவிடச் சீக்கிரம் சேர்வது இதன் உபயம். இந்த ஆறு நேராக ஓடாது. பாம்பு போல வளையும். பிரிட்டனுக்கு வடக்கே வளைந்தால் நாடு தெற்குக் காற்றில் இருக்கும், தெற்கே வளைந்தால் துருவக் காற்றில். நேராகத் தலைக்கு மேலே ஓடினால், அதன் அடியில் உருவாகும் காற்றழுத்தத் தாழ்வு மண்டலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ரயில் பெட்டி போல வந்துகொண்டிருக்கும்.

'காற்றழுத்தத் தாழ்வு' என்றதும் நமக்கு வங்கக் கடல் நினைவுக்கு வரும். இரண்டும் பெயரில்தான் ஒன்று. வங்கக் கடல் புயல் சூடான கடல்நீரிலிருந்து சக்தி எடுக்கிறது. அட்லாண்டிக் தாழ்வு மண்டலம் சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் உரசுவதிலிருந்து எடுக்கிறது. அதனால்தான் அங்கே புயல் காலம் இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் வருகிறது. முதல் உலகப் போர் முடிந்த கையோடு, நார்வேயின் பெர்கன் நகரில் வானிலை அறிஞர் வில்ஹெல்ம் பியர்க்னஸும் மகன் ஜேக்கப்பும் அவர்கள் குழுவும் இந்த அமைப்பை விளக்கினார்கள். இரண்டு காற்றுகள் முட்டும் எல்லைக்கு அவர்கள் வைத்த பெயர் போர்க்களத்திலிருந்து வந்தது: 'ஃப்ரன்ட்'. படைகள் மோதும் போர்முனை. தமிழில் முகப்பு என்று சொல்லலாம்.

அப்படி ஒரு தாழ்வு மண்டலம் மான்செஸ்டர் மேலே கடந்து போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1. காலை: வானம் தெளிவு. மிக உயரத்தில் பஞ்சிழை போல மெல்லிய மேகம். சூரியனைச் சுற்றி வளையம்கூடத் தெரியலாம். புதிதாக வந்தவர் 'இன்றைக்கு நல்ல வெயில்' என்று முடிவு செய்யும் நேரம் இதுதான்.
2. வெப்ப முகப்பு நெருங்குகிறது: மேகம் தடித்துக் கீழே இறங்கும். சில மணி நேரம் ஒரே சீரான மழை.
3. இரண்டு முகப்புகளுக்கும் நடுப்பகுதி: மழை தூறலாகும். வெதுவெதுப்பு கூடும். கோட்டுக்குள் வியர்க்கும்.
4. குளிர் முகப்பு: அரை மணி, ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும். காற்று தென்மேற்கிலிருந்து வடமேற்குக்குத் திரும்பும். வெப்பநிலை சட்டென்று நான்கைந்து டிகிரி இறங்கும்.
5. அதன் பின்னால்: கழுவிவிட்ட மாதிரி நீல வானம், கூர்மையான வெயில். ஆனால் இடையிடையே மேகக் குவியல் வந்து பத்து நிமிடம் பொழிந்துவிட்டுப் போகும். சில சமயம் ஆலங்கட்டியோடு.

எல்லாம் பன்னிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடலாம். பார்ப்பவருக்குக் கிறுக்குத்தனமாகத் தெரிவது உண்மையில் ஒழுங்கான ஊர்வலம். இதில் எந்தக் கட்டத்தில் நிற்கிறோம் என்று தெரிந்தால் அடுத்து வரப்போவது தெரிந்துவிடும்.

மழை குறைவுதான், ஆனால் ஓயாது

லண்டனின் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். சென்னைக்கு ஏறத்தாழ 1,400. பாதிக்கும் குறைவு! ஆனால் லண்டனில் ஆண்டுக்கு நூறு நாளுக்கு மேல் மழைநாள். சென்னையில் அறுபதை ஒட்டி. அங்கே நாள் முழுக்கத் தூறி மூன்று மில்லிமீட்டர் சேரும். சென்னையில் அதை ஐந்தே நிமிடத்தில் கொட்டிவிட்டு வானம் அடுத்த வேலையைப் பார்க்கும்.

நாட்டுக்குள்ளேயே வித்தியாசம் பெரிது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காற்று மோதும் பக்கத்தில் வால்பாறை நனைவதும் மறுபக்கத்தில் கோவை மழை மறைவில் இருப்பதும் நமக்குத் தெரிந்த கதை. அதே கதைதான் அங்கும். மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று வேல்ஸ் மலைகளிலும் வடமேற்கு இங்கிலாந்தின் மலைப்பகுதியான ஏரி மாவட்டத்திலும் (லேக் டிஸ்ட்ரிக்ட்) ஸ்காட்லாந்து மலைகளிலும் மோதி அங்கேயே கொட்டிவிடுகிறது. ஏரி மாவட்டத்தின் சீத்வெய்ட்டில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல். கிழக்கே எசெக்ஸ் கரையில் சில இடங்களில் 500-ஐ ஒட்டித்தான். வேலை கிடைத்த ஊர் மேற்கா கிழக்கா என்று பார்ப்பது வடக்கா தெற்கா என்று பார்ப்பதைவிட உபயோகமானது.

2015 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துப் பார்க்கலாம். சென்னை மூழ்கிய அந்த வாரம், தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பெய்தது. அதே வாரம், டிசம்பர் 5 அன்று, டெஸ்மண்ட் புயலில் ஏரி மாவட்டத்தின் ஹோனிஸ்டர் கணவாயில் 24 மணி நேரத்தில் 34 சென்டிமீட்டர் பதிவானது. பிரிட்டனில் 24 மணி நேர மழையின் உச்சப் பதிவு அது. தூறல் நாடு என்று நினைத்து ஆற்றோரத் தரைத்தளத்தில் வீடு பார்ப்பவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும்.

பனி என்ற ஒரு சொல் போதவில்லை

தமிழர்கள் இந்த வானிலையில் தடுமாற மொழியும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். புல்லில் நிற்கும் துளியும் பனி, மார்கழிக் காலையின் மூட்டமும் பனி, இமயமலையில் இருப்பதும் பனி. நமக்கு அது போதும். அங்கே ஒவ்வொன்றும் வேறு வேறு ஆபத்து.

'ஃப்ராஸ்ட்' என்பது உறைபனி. தெளிந்த, காற்றில்லாத இரவில் தரையும் கார்க் கண்ணாடியும் வெள்ளைத் துகள் பூத்துக் கிடக்கும். சுரண்டாமல் காரை எடுக்க முடியாது. 'ஃபாக்' மூடுபனி; ஊட்டி, கொடைக்கானல் போனவர்களுக்குத் தெரியும். 'ஸ்னோ' வானத்திலிருந்து இறங்கும் வெண்பனி. 'ஸ்லீட்' மழையும் பனியும் கலந்த குழம்பு. இதை ரசிக்கும் ஆளை நான் பார்த்ததில்லை. இவை எல்லாவற்றையும்விட மோசமானது 'பிளாக் ஐஸ்'. பெயர் கறுப்பு, ஆனால் அது கண்ணாடி போன்ற மெல்லிய பனிக்கட்டிப் படலம். அடியில் இருக்கும் தார் தெரிவதால் கறுப்பு. ஈரச் சாலை என்று நினைத்துக் கால் வைத்தால் அடுத்த நொடி தரையில்.

சரி, ஐந்து சென்டிமீட்டருக்கு நாடு ஏன் நின்றுபோகிறது? கனடாவில் நிற்பதில்லையே? அங்கேதான் அந்த 'மிதம்' வேலையைக் காட்டுகிறது. கனடாவின் உட்பகுதியில் வெப்பநிலை சுழியத்துக்கு வெகு கீழே போய், வாரக்கணக்கில் அங்கேயே இருக்கும். பனி காய்ந்த மாவு போலக் கிடக்கும், தள்ளிவிடலாம். பிரிட்டனில் வெப்பநிலை சுழியத்தைச் சுற்றியே ஊசலாடும். பகலில் உருகும், இரவில் உறையும், மறுபடி உருகும். விழுந்த பனி வழுக்குப்பாறையாகிறது. வருடத்தில் சில நாளே வரும் இதற்காக எல்லாக் காருக்கும் பனிக்கால டயர் மாட்டச் சொல்வது செலவுக்குக் கட்டாது என்று விட்டிருக்கிறார்கள். கணக்குப் பார்த்தால் அது நியாயம்தான். முன்னறிவிப்பாளருக்கும் இதே சிக்கல்: ஒரு டிகிரி இந்தப் பக்கம் என்றால் மழை, அந்தப் பக்கம் என்றால் பனி.

ஐந்து டிகிரி ஏன் உறைகிறது? இருபத்தெட்டு ஏன் சுடுகிறது?

வெப்பமானி காட்டுவது காற்றின் வெப்பநிலை. உடம்பு உணர்வது, அது எவ்வளவு வேகமாகச் சூட்டை இழக்கிறது என்பதை. தோலை ஒட்டி ஒரு மெல்லிய சூடான காற்றுப் படலம் இருக்கும். வீசும் காற்று அதைத் திருடிக்கொண்டு போகும். 5 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று வீசினால் உடம்புக்கு அது சுமார் 0 டிகிரி. வானிலைச் செயலிகளில் வரும் 'ஃபீல்ஸ் லைக்' எண் இதுதான். வீட்டை விட்டுக் கிளம்பும்போது பார்க்க வேண்டியதும் அதைத்தான். உடை நனைந்துவிட்டால் இன்னும் மோசம். நனைந்த பருத்தி காயவே காயாது. அதனால்தான் ஒரு தடித்த கோட்டைவிட மூன்று மெல்லிய அடுக்குகளும், மேலே காற்றும் மழையும் புகாத ஒரு மெல்லிய ஜாக்கெட்டும் என்ற ஏற்பாடு. பேருந்துக்குள் சூடாக இருந்தால் ஒன்றைக் கழற்றலாம்.

இப்போது தலைப்புக் கேள்விக்கு வருவோம். வெப்ப அலை என்பதற்கு உலகம் முழுக்க ஒரே எண் கிடையாது. இந்திய வானிலை ஆய்வுத் துறை சமவெளியில் குறைந்தது 40 டிகிரி, கடலோரத்தில் 37 டிகிரி தொட்டு, வழக்கத்தைவிடவும் கணிசமாகக் கூடியிருந்தால்தான் அந்தச் சொல்லைப் பயன்படுத்தும். பிரிட்டனில் மூன்று நாள் தொடர்ந்து ஒரு எல்லையைத் தொடவோ தாண்டவோ வேண்டும். அந்த எல்லை மாவட்டத்தைப் பொறுத்து 25 முதல் 28 வரை. லண்டனுக்கு 28.

கேலிக்குரிய எண்ணாகத் தெரியலாம். ஆனால் அதை அனுபவிக்கும் வீட்டைப் பாருங்கள். சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைப்பதற்காகவே கட்டப்பட்ட வீடு அது: இரட்டைக் கண்ணாடி ஜன்னல், சுவருக்குள் வெப்பத்தடுப்புப் பஞ்சு, தரையில் கம்பளம். மின்விசிறி கிடையாது, ஏசி அபூர்வம். ஜூன் மாதம் லண்டனில் பகல் பதினாறரை மணி நேரம். அவ்வளவு நேரமும் உள்ளே வாங்கிய சூடு இரவில் வெளியே போகாது. சென்னையில் 38 டிகிரிக்கு மொட்டை மாடி உண்டு, விசிறி உண்டு, கடல்காற்று உண்டு, மோர் உண்டு. ஒரு வாரம் அந்த வீட்டு மாடி அறையில் தூங்கிப் பார்த்தவர்கள் அதற்கப்புறம் கேலி செய்வதில்லை.

தண்டவாளமும் அப்படித்தான். அங்கே அது 27 டிகிரித் தண்டவாள வெப்பத்துக்குப் பொருத்தமாக இழுத்துப் பொருத்தப்படுகிறது. வெயிலில் தண்டவாளம் காற்றைவிட 20 டிகிரி வரை கூடுதலாகச் சுடும். விரிந்து வளையும் அபாயம் இருப்பதால் வேகத்தைக் குறைக்கிறார்கள். இன்னும் கூடுதல் வெப்பத்துக்குப் பொருத்தலாமே என்றால், குளிர்காலத்தில் சுருங்கி விரிசல் விடும்.

2022 ஜூலை 19 அன்று லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி பதிவானது. பிரிட்டனில் 40-ஐத் தாண்டியது அதுவே முதல் முறை. முந்தைய நாள் லூட்டன் விமான நிலையத்தில் ஓடுதளத்தின் மேற்பரப்பு வெப்பத்தில் சேதமாகி விமானங்கள் நிறுத்தப்பட்டன. அந்தக் கோடையின் வெப்ப நாட்களில் இங்கிலாந்தில் மட்டும் வழக்கத்தைவிட ஏறக்குறைய 3,000 பேர் கூடுதலாக இறந்தார்கள் என்பது அரசு சுகாதார அமைப்பின் மதிப்பீடு.

வீட்டுக்குள் பெய்யும் மழை

வெளியே இருப்பதைவிட உள்ளே இருக்கும் வானிலைதான் நம்மவர்களுக்கு அதிகத் தொல்லை தருவது. இதன் இயற்பியல் எளிது. சூடான காற்று நிறைய நீராவி தாங்கும், குளிர்ந்த காற்று தாங்காது. 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 10 டிகிரியில் 9 கிராம்தான். சூடேற்றிய அறையின் ஈரக்காற்று குளிர்ந்த ஜன்னலையோ வெளிச்சுவரின் மூலையையோ தொட்டதும், தாங்க முடியாத மிச்சத்தை நீராக அங்கேயே விட்டுவிடும். அந்த ஈரத்தில் கறுப்புப் புள்ளிகளாகப் பூஞ்சணம் வரும். அலமாரிக்குப் பின்னால், கட்டில் ஒட்டிய சுவரில், முதலில் கண்ணில் படாத இடத்தில்.

நம் சமையலை நினைத்துப் பாருங்கள். காலையில் இட்லிப் பானை, மதியம் சோறு, சாயங்காலம் ரசம் கொதி. எல்லாம் ஆவி. அதோடு, வெளியே காயாது என்பதால் துணியை ஹீட்டர் மேல் போடுகிறோம். ஒரு முறை துவைத்த துணியிலிருந்து இரண்டு லிட்டர் தண்ணீர் வரை அறைக் காற்றில் கலக்கும். குளிருக்குப் பயந்து ஜன்னலைத் திறப்பதில்லை. பில்லுக்குப் பயந்து ஹீட்டரையும் அணைத்துவிடுகிறோம். சுவர் இன்னும் குளிர்கிறது.

செய்யக்கூடியவை: சமைக்கும்போது மூடி போட்டு, வெளியே தள்ளும் விசிறியை ஓட்டி, சமையலறைக் கதவைச் சாத்துவது, தினம் பத்து நிமிடம் எதிரெதிர் ஜன்னல்களைத் திறப்பது, ஜன்னலின் மேல் விளிம்பில் இருக்கும் சின்னக் காற்றுத் துளையை டேப் ஒட்டி அடைக்காமல் இருப்பது, வசதிப்பட்டால் காற்றிலிருந்து ஈரம் உறிஞ்சும் கருவி ஒன்று.

ஆனால் எல்லாப் பழியையும் இட்லிப் பானை மேல் போட்டுவிடக் கூடாது. ஒழுகும் கூரை, வேலை செய்யாத விசிறி, வெப்பத்தடுப்பு இல்லாத சுவர் ஆகியவை வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. 2020-இல் ரோச்டேல் நகரில் பூஞ்சணம் படிந்த சமூக வீட்டில் (நகராட்சியோ வீட்டுவசதிச் சங்கமோ குறைந்த வாடகைக்குத் தரும் வீடு) வாழ்ந்த இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. நீண்ட நாள் பூஞ்சணத்தைச் சுவாசித்ததே காரணம் என்று 2022-இல் மரண விசாரணை முடிவு சொன்னது. சூடானிலிருந்து வந்த அந்தக் குடும்பத்திடம், 'உங்கள் வாழ்க்கை முறைதான் காரணம்' என்றுதான் அதுவரை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதன் பிறகு சட்டம் மாறியது. 2025 அக்டோபர் முதல், இங்கிலாந்தில் சமூக வீடுகளின் உரிமையாளர்கள் ஈரம், பூஞ்சணப் புகார்களைக் குறித்த கெடுவுக்குள் விசாரிக்க வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் சரி செய்ய வேண்டும். ஆகவே போட்டோ எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் புகார் கொடுங்கள்.

சூரியன் என்ற பற்றாக்குறை

டிசம்பரில் லண்டனில் பகல் எட்டு மணி நேரத்துக்கும் குறைவு. மாலை நாலு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். பொங்கல் அன்று லண்டனில் சூரியன் எட்டு மணி வாக்கில்தான் எழும். உச்சிப் பொழுதிலும் அடிவானத்துக்கு மேல் 17 டிகிரிக்கு மேல் ஏறாது. சென்னையில் அதே நாள் உச்சி 55 டிகிரிக்கு மேல். சாய்ந்து வரும் ஒளி வளிமண்டலத்தில் நீண்ட தூரம் கடக்க வேண்டியிருப்பதால், தோலில் வைட்டமின் டி உருவாக்கும் புற ஊதாக் கதிர் போதிய அளவு தரை வந்து சேராது. அக்டோபரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை எல்லோரும் தினம் 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்பது அரசின் ஆலோசனை. தெற்காசியர் போன்ற கருமைத் தோல் உள்ளவர்கள் வருடம் முழுக்க எடுப்பதை யோசிக்க வேண்டும் என்கிறது.

மனசும் சேர்ந்து மங்கும். குளிர்காலத்தில் மட்டும் வரும் மனச்சோர்வு மருத்துவம் ஏற்றுக்கொண்ட ஒன்று. சோம்பேறித்தனம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு உட்காராமல் மருத்துவரிடம் சொல்ல வேண்டியது. மதிய உணவு இடைவேளையில் வெளியே ஒரு நடை நடப்பதற்குப் பலன் உண்டு. மேகமூட்டமான பகலும் அறை விளக்கைவிடப் பல மடங்கு வெளிச்சம்.

கடிகாரமும் மாறும்: மார்ச் கடைசி ஞாயிறு ஒரு மணி நேரம் முன்னே, அக்டோபர் கடைசி ஞாயிறு பின்னே. ஊருக்குப் போன் பேசுகிறவர்களுக்கு வித்தியாசம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை.

முன்னறிவிப்பைப் படிக்கும் விதம்

பிரிட்டனின் வானிலை அலுவலகமான மெட் ஆபீஸ் 1854-இல் தொடங்கியது. அதன் முதல் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய், டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் கேப்டன். 1859-இல் 'ராயல் சார்ட்டர்' கப்பல் புயலில் மூழ்கி நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, தந்தி வழியாகப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாட்டை அவர் உருவாக்கினார். 1861 ஆகஸ்ட் 1 அன்று அவருடைய முதல் பொது முன்னறிவிப்பு 'தி டைம்ஸ்' பத்திரிகையில் வந்தது. ஜோசியம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்றே 'ஃபோர்காஸ்ட்' என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தார். பலிக்காத நாட்களில் கேலி செய்தார்கள். அந்த வழக்கம் இன்னும் விடவில்லை.

புதிதாகப் போனவர்கள் அடிக்கடி தவறாகப் படிப்பவை இவை:

1. 'ரெயின்' வேறு, 'ஷவர்ஸ்' வேறு. முன்னது முகப்பு மழை. பரவலாக, மணிக்கணக்கில் பெய்யும். பின்னது தனித்தனி மேகம். அண்ணாநகரில் கொட்டி அடையாறில் தரை நனையாத கதை. ஷவர்ஸ் என்று போட்டிருந்தும் உங்கள் தெருவில் பெய்யவில்லை என்றால் முன்னறிவிப்பு தப்பு என்று அர்த்தமில்லை.

2. '40 சதவீதம்' என்றால் நாளில் 40 சதவீத நேரம் மழை என்று பொருள் இல்லை. இதே நிலைமை உள்ள பத்து சந்தர்ப்பங்களில் நான்கில் அந்த இடத்தில், அந்த நேரத்தில் மழை பெய்யும். நாள் முழுக்க ஒரே படம் போட்டிருப்பதைப் பார்க்காமல் மணிவாரிப் பட்டியலைப் பாருங்கள். அடுத்த ஒரு மணி நேரத்துக்கு ரேடார் படம்தான் நம்பகம். மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கண்ணாலேயே தெரியும்.

3. எச்சரிக்கை நிறம். மஞ்சள், ஆம்பர், சிவப்பு. இந்த நிறம் மழையின் அளவை மட்டும் வைத்துத் தீர்மானிக்கப்படுவதில்லை. பாதிப்பு எவ்வளவு, நடக்கும் வாய்ப்பு எவ்வளவு என்ற இரண்டையும் பெருக்கிப் பார்க்கிற மாதிரி ஒரு கட்டத்தில் வைத்துத் தீர்மானிக்கிறார்கள். ஆகவே ஒரு மஞ்சளுக்கு, 'சின்னத் தொந்தரவு, அநேகமாக நடக்கும்' என்றும் பொருள் இருக்கலாம். 'பெரிய ஆபத்து, ஆனால் நடக்கும் வாய்ப்பு குறைவு' என்றும் இருக்கலாம். நிறத்தோடு நிறுத்தாமல் கீழே உள்ள இரண்டு வரியைப் படித்தால்தான் எது என்று புரியும். சிவப்பு என்றால் விவாதம் வேண்டாம், வீட்டிலேயே இருங்கள்.

4. புயல் பெயர். 2015-இலிருந்து பிரிட்டனும் அயர்லாந்தும் சேர்ந்து அகர வரிசையில் பெயர் வைக்கின்றன; பிறகு நெதர்லாந்தும் சேர்ந்துகொண்டது. பெயர் வைத்தாலே வர்தா, கஜா அளவு என்று ஊரில் பயப்படத் தேவையில்லை. அலட்சியமும் கூடாது: 2022 பிப்ரவரி 18 அன்று யூனிஸ் புயலில் வைட் தீவின் நீடில்ஸில் மணிக்கு 196 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியது.

5. காற்றுக் குறி. செயலியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் சின்ன அம்புக்குறி ஒன்று இருக்கும், யாரும் பார்ப்பதில்லை. 'வடகிழக்குக் காற்று' என்றால் வடகிழக்கிலிருந்து வருவது, நம் வாடைக்காற்று மாதிரி. மேலே சொன்ன ஐந்து விருந்தாளிகளில் யார் வந்திருக்கிறார் என்று அந்த அம்பு சொல்லிவிடும். தென்மேற்கு என்றால் மெல்லிய கோட்டும் மழைத்தடுப்பும். வடமேற்கு என்றால் வெயிலை நம்பாமல் தொப்பி வைத்த ஜாக்கெட். கிழக்கு என்றால், அது குளிர்காலமாக இருந்தால், இருப்பதில் கனமானதை எடுங்கள்.

குடையைப் பற்றி யாராவது கேட்பார்கள். காற்று மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும் நாளில் அது வீட்டிலேயே இருக்கட்டும். ரயில் நிலைய வாசல் குப்பைத்தொட்டியில் கம்பி முறிந்து கிடப்பவற்றில் பாதி, புதிதாக வந்தவர்கள் வாங்கியதாகத்தான் இருக்கும்.